நன்மையே தீமையான இடம்: ஸ்ரீபரதாழ்வானும் 14 ஆண்டுகளும்

ஸ்ரீராமாயணத்தில் பிழை செய்தவர்கள் பலர். காகாசுரன் முதலாகப் பிழை செய்தும் பெருமாளுடைய க்ருபைக்கு இலக்காகி உய்ந்தவர்களின் சரித்திரத்தைப் பூர்வாசார்யர்கள் வாயாரப் பேசியிருக்கிறார்கள். ஸ்ரீபரதாழ்வானின் நிலை வேறு. அவர் பிழை எதுவும் செய்யாமலே, ஏறக்குறைய எல்லாராலும் ஐயுறப்பட்டார். அந்த ஐயம் தீர்ந்தும் தீராமலும் இருக்க 14 ஆண்டுகளைக் கழித்தார். பிழை செய்தவனுக்குச் சரணாகதி உண்டு. பிழை செய்யாதவன் எதைச் சொல்லிக்கொண்டு திருவடிகளில் விழுவது? இந்தக் கேள்வி வால்மீகி பகவானின் காவியத்தில் அயோத்யா காண்டம் முழுவதும் ஊடாடிக் கிடக்கிறது. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதனைத் தொடுகிறார். தொட்ட இடத்தில் ஆறுதல் சொல்லாமல், இன்னும் கடினமான ஒன்றை அருளிச்செய்கிறார்.

ப்ரபத்தியின் ஸ்வரூபத்தை விசாரிக்கும் பகுதி அது. சேதனன் தன் நினைவால் ஈச்வரனைப் பெறப் பார்த்தால் ப்ரபத்தியும் உபாயமாகாது. ஈச்வரன் தன் நினைவால் சேதனனைப் பெறப் பார்த்தால் பாபமும் தடுக்கமாட்டாது என்று நிறுவிவிட்டு, முன்னதற்கு ஸ்ரீபரதாழ்வானையும் பின்னதற்கு ஸ்ரீகுஹப்பெருமாளையும் உதாரணமாக்குகிறார். வேடர் தலைவரிடம் இருந்த குறைகள் அவருக்கு நன்மையாகவே பலித்தன. பரதாழ்வான் செய்த நன்மையோ அவருக்குத் தீமையாகவே முடிந்தது என்பது அங்குத் தேறும் கருத்து. மணவாள மாமுனிகளின் வ்யாக்யானம் இதற்குக் காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. பெருமாளை மீட்டு வந்து திருவபிஷேகம் செய்விக்க வேண்டும் என்று பரதாழ்வான் சித்ரகூடத்தில் செய்த சரணாகதி, பெருமாளின் திருவுள்ளத்துக்கு மாறாக இருந்தது. ஆகவே அது பலிக்கவில்லை. பலிக்காததோடு நில்லாமல் குற்றத்தின் இடத்திலும் போய் நின்றது.

இவ்வாக்கியத்தைக் காலக்ஷேபத்தில் கேட்பவர்கள் பெரும்பாலும் சித்தாந்த நிர்ணயத்தை எடுத்துக்கொண்டு மேலே சென்றுவிடுகிறார்கள். உபந்யாசங்களிலோ பரதாழ்வான் மாசற்ற பொற்சிலையாக நிறுத்தப்படுகிறார். அவர்மேல் விழுந்த ஐயங்கள் விரைவாகக் கடக்கப்படுகின்றன. நவீன விமர்சகர்களில் சிலர் அதே ஐயங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, இது அரண்மனைச் சூழ்ச்சிக் கதை என்று முடிவு கட்டுகிறார்கள். இம்மூன்று வாசிப்பிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. நல்லதையே நினைத்த ஒருவன், அந்த நல்லது நல்லதாக நில்லாத இடத்தில் எப்படி உயிர் வாழ்ந்தான் என்பதே அது. லோகாசார்யரின் வாக்கியம் அந்தக் கேள்வியை மூடிவிடவில்லை. கூர்ந்து பார்த்தால் அதற்கு வாசல் திறப்பதே அந்த வாக்கியந்தான்.

ஐயம் எங்கே தொடங்குகிறது? கைகேயி வரம் கேட்பதற்கும் முன்னே. பரதன் ஊரில் இல்லாத இப்பொழுதே உன் அபிஷேகம் நடந்துவிட வேண்டும் என்று சக்ரவர்த்தி பெருமாளிடம் சொல்கிறார். பரதன் நல்லவன், தமையனைப் பின்பற்றுகிறவன் என்று ஒப்புக்கொண்டே, நல்லோரின் உள்ளமும் நிலையில்லாதது என்றும் சேர்த்துச் சொல்கிறார். கேகய நாட்டில் மாமன் வீட்டில் இருந்த பிள்ளைக்கு இந்தப் பேச்சே தெரியாது. அடுத்து, கானகம் புறப்படுமுன் பெருமாள் பிராட்டிக்குச் சொல்லும் அறிவுரையில், பரதன் முன்னிலையில் என்னைப் புகழ்ந்து பேசாதே, செல்வம் பெற்றவர்கள் பிறர் புகழைப் பொறுக்கமாட்டார்கள் என்று வருகிறது. இதைப் பெருமாளின் உட்கருத்தாகக் கொள்ளாமல், பிராட்டியைப் பின்னே நிறுத்துவதற்குச் சொன்ன சொல்லாகக் கொள்வது ஒரு நிர்வாஹம். அப்படியே கொண்டாலும், சொல் சொல்லப்பட்டுவிட்டது.

சக்ரவர்த்தியின் துயரம் இன்னும் கடுமையானது. இராமனைக் காட்டுக்கு அனுப்பியது பரதனுக்கு உகப்பாயின், அவன் எனக்கு ஈமக்கடன் செய்யவேண்டாம் என்கிறார். வால்மீகி பகவானிடத்தில் இது ஒரு நிபந்தனை. பரதாழ்வானுக்கு அது உகப்பாக இல்லாமையால் நிபந்தனை விழுந்துவிடுகிறது. தந்தையின் கடனை அவரே செய்கிறார். கம்பநாட்டாழ்வார் அந்த நிபந்தனையை விலக்காகவே ஆக்கிவிடுகிறார். பள்ளிபடைப் படலத்தில் வசிஷ்டர் பரதனைத் தடுத்து, மன்னன் உன்னைத் துறந்துவிட்டான் என்று தெரிவிக்கிறார். சத்ருக்னன் கடன் செய்கிறான். தந்தை இறந்து கிடக்க, அவர் தன்னைப் பிள்ளையல்ல என்று சொல்லிவிட்டுப் போனார் என்பதைப் பிள்ளை கேட்கிறான். தவறான புரிதலில் சொன்ன சொல்லைத் திருத்திக்கொள்ள இறந்தவர் வரப்போவதில்லை. தமிழ்க் கவி மூலத்தைவிடக் கொடியதாக ஒன்றைச் செய்திருக்கிறார் என்று தோன்றும். ஆனால் பழி என்பது எப்படிப்பட்டது என்பதை அவர் சரியாகவே கணித்திருக்கிறார். பழி சொன்னவர் போன பின்னும் பழி இருக்கிறது.

கௌசல்யாதேவியார் விஷயத்தில் இரு கவிகளும் எதிர்த் திசையில் செல்கிறார்கள். வால்மீகியில் தேவியார் நேராகக் குத்துகிறார்: நீ விரும்பிய அரசு முள்ளின்றி உனக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு விடையாகப் பரதாழ்வான் தன்மேலேயே சாபங்களை அடுக்கிக்கொள்கிறார். உறங்கும் பசுவைக் காலால் உதைத்தவன், பெரிய வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடாத எசமானன், விளைவில் ஆறில் ஒரு பங்கைப் பெற்றும் குடிகளைக் காவாத மன்னன் ஆகியோர் அடையும் பாபங்களெல்லாம், பெருமாளின் வனவாசத்துக்கு உடன்பட்டவனை அடையட்டும் என்று பட்டியல் நீள்கிறது. குற்றமற்றவன் இவ்வளவு பேச வேண்டியதில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். குற்றமற்றவனால்தான் இதை நிறுத்த முடிவதில்லை. குற்றமுள்ளவனுக்கு எந்த இடத்தில் பேச்சை முடிக்க வேண்டும் என்று தெரியும். கம்பநாட்டாழ்வாரின் கோசலையோ பரதனுடைய துயரத்தைக் கண்டவுடனே அவன் மனத்தில் மாசில்லை என்று உணர்ந்துவிடுகிறாள். உணர்ந்த பிறகும், உன் தாய் செய்த வஞ்சம் உனக்குத் தெரியாதுபோலும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

பரதாழ்வானை முற்றிலும் களங்கமற்றவராகக் காட்டும் முயற்சியையும் வால்மீகி பகவான் செய்யவில்லை. தாயிடம் அவர் பேசும் சொற்கள் தாயிடம் பேசத்தக்கவையல்ல. பிறகு சத்ருக்னாழ்வான் கூனியை இழுத்து அடிக்கும்போது அவரைத் தடுத்து, மாத்ருஹத்தி செய்தவன் என்று பெருமாள் என்னை வெறுக்கமாட்டார் என்றிருந்தால் கைகேயியை நானே கொன்றிருப்பேன் என்கிறார். அவரை அந்நேரத்தில் தர்ம சாஸ்த்ரம் நிறுத்தவில்லை. பெருமாள் முகம் மாறிவிடுமே என்ற அச்சம் நிறுத்தியது. பக்தியின் உயர்வையும் மனிதக் கோபத்தின் தாழ்வையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார் மஹர்ஷி.

கங்கைக் கரையில் குஹப்பெருமாள் 500 ஓடங்களில் ஆட்களை நிறுத்திவிட்டு, கெட்ட எண்ணத்தோடு போகிறீரோ என்று கேட்கிறார். பரத்வாஜ மஹர்ஷியும் அதையே கேட்கிறார். உன் உள்ளத்தை அறிவேன், அதை உறுதிப்படுத்தவும் உன் புகழை வளர்க்கவுமே கேட்டேன் என்று பின்னர் சொல்கிறார். அறிந்தவர் கேட்டாலும் கேட்கப்பட்டவனுக்கு வலி குறைவதில்லை. பரதாழ்வான் கண்ணீரோடுதான் விடை சொன்னார். சித்ரகூடத்தில் இளையபெருமாள் மரத்தின் மேலேறிச் சேனையைக் கண்டு, பரதனைக் கொல்வதில் தோஷமில்லை என்று சீறுகிறார். அதற்குப் பெருமாள் தந்த விடை நுட்பமானது. உனக்கு அரசு வேண்டுமானால் சொல், பரதனிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். இளையபெருமாள் நாணி ஒடுங்கினார்.

இவ்வளவு பேர் ஐயுற்றதற்கு ஓர் ஆதாரமும் உண்டு என்பதை அடுத்து வரும் உரையாடல் வெளிப்படுத்துகிறது. சித்ரகூடத்தில் பெருமாளே ஒரு செய்தியைச் சொல்கிறார்: கைகேயியை மணந்தபோது அவள் தந்தைக்கு அரசைச் சுல்கமாகத் தருவதாகச் சக்ரவர்த்தி வாக்களித்திருந்தார். அதாவது அரசு பரதாழ்வானுக்கு உரியதென்று வாதிக்க இடமிருந்தது. திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எளிது. அதற்கு நேர்மை போதும். தனக்கு நியாயமான உரிமை இருக்கலாம் என்று எதிராளியே எடுத்துக் கொடுத்த பிறகும் வேண்டாம் என்பது வேறு. கம்பநாட்டாழ்வாரின் பரதன் இவ்விடத்தில் வாதத்தையே திருப்பி விடுகிறான்: அரசு என்னுடையதானால் அதை உனக்கு இப்போது தந்தேன், வந்து முடிசூடு. சாமர்த்தியமான விடை. பெருமாள் அதற்கும் இசையவில்லை.

வாதம் தோற்ற பிறகு பரதாழ்வான் செய்ததுதான் லோகாசார்யரின் வாக்கியத்தை விளக்குகிறது. தர்ப்பையைப் பரப்பி, பெருமாளின் பர்ணசாலை முன்னே கிடக்கத் துணிகிறார். அதற்கு வால்மீகி பகவான் தரும் உவமை கவனத்துக்குரியது. கடன் கொடுத்துப் பொருளிழந்த அந்தணன், கடனாளியின் வாசலில் உண்ணாமல் கிடப்பதுபோல் கிடப்பேன் என்கிறார் பரதாழ்வான். பெருமாள் இது க்ஷத்ரியனுக்குத் தகாது என்று எழுப்பிவிடுகிறார்.

திருவடிகளின் முன்னே கிடந்தது சரணாகதியின் வடிவம். ஆனால் கடன்காரன் வாசலில் கிடப்பவன் சரணாகதன் அல்லன். அவன் தனக்கு வரவேண்டியதை வசூலிக்க வந்தவன். கேட்ட பொருளோ தூயது, தனக்கென்று எதுவுமில்லை. பெருமாளுக்கே அவருடைய அரசை ஏற்கச் சொல்வது. அப்படியிருந்தும் கேட்ட முறையில், இது நடந்தேயாக வேண்டும் என்ற தன் நினைவு நின்றது. மணவாள மாமுனிகள் திருவுள்ளத்துக்கு மாறு என்று குறித்தது எந்தக் கணத்தில் வடிவெடுக்கிறது என்று தேடினால், வால்மீகியின் இந்தக் கடன் உவமையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆசார்யர்கள் இவ்வுவமையைக் கருதியே அப்படி அருளிச்செய்தார்கள் என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் மூலமும் சித்தாந்தமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தாங்குகின்றன. உலகம் ஐயுற்றது பரதாழ்வானிடம் பேராசை இருக்குமோ என்று. அங்கே ஆசை என்பதே இல்லை. ஒருவரும் ஐயுறாத இடத்தில், அவருடைய அன்பில்தான், சுவாதந்த்ர்யம் ஒளிந்திருந்தது.

அதற்கு மாறான குணம் அவரிடம் முன்பே இருந்தது என்பதற்கும் மஹர்ஷி ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். பரத்வாஜர் ஆச்ரமத்தில் விருந்து நடந்தபோது, தவவலிமையால் தோன்றிய மாளிகையில் அரசனுக்குரிய ஆசனமும் குடையும் சாமரமும் இருந்தன. பரதாழ்வான் அதில் அமரவில்லை. பெருமாளே அங்கு எழுந்தருளியிருப்பதாக எண்ணி வலம் வந்து வணங்கி, சாமரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அமைச்சருக்குரிய இடத்தில் அமர்ந்தார். முனிவரின் விருந்துக் களிப்பில் சேனை மயங்கிக் கிடந்தது. நந்திக்ராமம் அந்த இரவிலேயே ஒருமுறை நடந்துவிட்டது.

ஆகவே பெருமாள் தந்தது பரதாழ்வான் கேட்டதல்லவாயினும், அவருடைய ஸ்வரூபத்துக்கு ஏற்றது. குலசேகரப் பெருமாள் தில்லைத் திருச்சித்ரகூடப் பதிகத்தில் ஸ்ரீராம சரித்திரத்தைச் சுருக்கும்போது, ஒரே பாசுரத்தில் குஹன் கங்கை கடத்தியதையும் பரதனுக்குப் பாதுகையோடு அரசையும் பெருமாள் ஈந்ததையும் வைக்கிறார். பரதாழ்வான் அரசைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். ஆழ்வாரின் கணக்கில் அரசைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். கொடுக்கச் சென்றவன் பெற்றுத் திரும்புவதே பாரதந்த்ர்யத்தின் முதல் பாடம். லோகாசார்யர் பின்னாளில் இணைத்துப் பேசிய இருவரும் ஆழ்வாரின் பாசுரத்தில் ஏற்கெனவே அருகருகே நிற்கிறார்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஸ்வாமி தேசிகன் ஸ்ரீபாதுகா ஸஹஸ்ரத்தின் தொடக்கத்திலேயே பரதாழ்வானை பக்தர்களுக்கெல்லாம் முதல் உதாரணமாகப் போற்றி வணங்குகிறார். 32 பத்ததிகளில் 1008 ச்லோகங்களால் பாதுகையின் ப்ரபாவத்தைப் பேச வந்தவருக்கு, அந்த ப்ரபாவத்தை உலகுக்கு வெளியிட்டவர் என்று முதலில் தோன்றியவர் இவரே. இதை ஸ்ரீவசனபூஷணத்துக்கு எதிராக நிறுத்தி வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் தேவையற்றது. ஒருவர் பேசுவது சித்ரகூடத்துக்குச் செல்லும் பரதாழ்வானை. மற்றவர் வணங்குவது பாதுகையைத் தலையில் ஏற்றுத் திரும்பும் பரதாழ்வானை. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. சுமந்து வந்தது வேறு.

அந்த 14 ஆண்டுகளைப் பற்றிக் காவியம் மிகக் குறைவாகவே சொல்கிறது. கவியின் கண் தண்டகாரண்யத்தோடும் கிஷ்கிந்தையோடும் இலங்கையோடும் போய்விட்டது. மரவுரி, சடை, காய்கனி உணவு, ஊருக்கு வெளியே வாசம், அரசுக் காரியம் எதுவானாலும் முதலில் பாதுகைக்கு விண்ணப்பம் செய்தல்: இவ்வளவே. பகைவரோடு போரிடுவதில் ஒரு முடிவு உண்டு. பரதாழ்வானின் நாட்களில் போர் இல்லை. காலையில் எழுந்து வரி, காவல், வழக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தன்னுடையதல்லாத ஒன்றைத் தன்னுடையதைவிடக் கவனமாகக் காக்க வேண்டும். அதைக் காப்பதாலேயே, பார்த்தாயா ஆளத்தானே செய்கிறான் என்று ஒருவன் சொல்லக்கூடும் என்பதையும் தாங்க வேண்டும். அரசை உதறிவிட்டு அவரும் காட்டுக்குப் போயிருந்தால் பழி அன்றே நீங்கியிருக்கும். பழி நீங்காத வழியில்தான் பெருமாளின் திருவுள்ளம் இருந்தது. இளையபெருமாளின் கைங்கர்யத்தைச் சேஷத்வத்துக்கும், பரதாழ்வானின் இருப்பைப் பாரதந்த்ர்யத்துக்கும் எடுத்துக்காட்டாக ஆசார்யர்கள் பேசுவதன் கனம் இங்கே தெரிகிறது. உடன் இருந்து உழைப்பதற்கு முகம் பார்க்கும் இன்பம் உண்டு. பரதாழ்வானுக்கு இரண்டு பாதுகைகள் இருந்தன.

யுத்த காண்டத்தின் முடிவில் வரும் ஒரு கட்டம் உபந்யாசகர்களைப் பெரிதும் சங்கடப்படுத்துவது. திரும்பும் வழியில் பெருமாள் திருவடியை நந்திக்ராமத்துக்கு அனுப்புகிறார். நாங்கள் வருவதைச் சொல். கேட்கும்போது பரதனுடைய முகக்குறியைக் கவனி. தந்தை வழியில் வந்த செழித்த அரசு யார் மனத்தைத்தான் மாற்றாது என்கிறார். அப்படியானால் 14 ஆண்டுகளுக்குப் பிறகும் ஐயமா? இதற்கு மானுட பாவனை என்று விடை சொல்வது வழக்கம். அவ்விடை தவறன்று, ஆனால் மூலத்திலேயே இன்னும் நல்ல விடை இருக்கிறது. திருவடியை அனுப்புமுன் பெருமாள் பரத்வாஜரைக் கண்டிருக்கிறார். பரதன் உடலில் அழுக்கேறி, சடைமுடியோடு, உன் பாதுகையை முன்வைத்துக் காத்திருக்கிறான் என்று முனிவர் சொல்லிவிட்டார். முன்னொரு நாள் ஐயுற்றுக் கேட்டவரே இப்போது சாட்சி. ஆகவே பரதன் நிலை தெரியாமல் பெருமாள் அனுப்பவில்லை.

அனுப்பும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் முக்கியம். பழகிய பழக்கத்தால் பரதன் தானே அரசை விரும்பினால், அவனே பூமி முழுவதையும் ஆளட்டும். ஐயுற்றவர்கள் எல்லாரும் ஒரு தண்டனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஐயுற்றார்கள். சக்ரவர்த்தி ஈமக்கடனை மறுத்தார். குஹப்பெருமாள் ஆற்றை மறித்தார். இளையபெருமாள் வில்லை எடுத்தார். பெருமாள் ஒருவரே, ஆம் என்றாலும் தருகிறேன் என்ற நினைவோடு கேட்கிறார். தண்டனை இல்லாத கேள்வியை ஐயம் என்று சொல்வது பொருந்தாது. பரதாழ்வானின் மனம் மாறியிருந்தாலும், அந்த மாறிய மனத்துக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

பரதாழ்வானுக்கு இந்தக் கட்டளை தெரியாது. செய்தி கேட்டு மகிழ்ச்சியால் மயங்கி விழுந்து எழுகிறார். சற்று நேரத்தில் பெருமாளைக் காணாமல், குரங்கின் சபல புத்தியால் சொன்னாயோ என்று திருவடியையே கேட்டுவிடுகிறார். வாழ்நாளெல்லாம் ஐயுறப்பட்டவர் ஐயுற்ற ஒரே தருணம் இது. படிப்பவர் புன்னகைக்கட்டும் என்றுதான் மஹர்ஷி வைத்திருக்க வேண்டும்.

கம்பநாட்டாழ்வார் இங்கே புன்னகைக்கு இடம் தரவில்லை. கெடு முடிந்ததென்று பரதன் தீ வளர்க்கிறான். கோசலை ஓடிவந்து தடுக்கிறாள். கோடி இராமர் சேர்ந்தாலும் உன் அருளுக்கு ஈடாவரோ என்கிறாள். வால்மீகியின் தேவியார் முள்ளில்லா அரசு என்று குத்திய நாவும், கம்பரின் கோசலை தெரியாதுபோலும் என்று கேட்ட நாவும் இந்தச் சொல்லில் வந்து முடிகின்றன. அனுமன் வந்து தீயை அவிக்கிறான். வால்மீகியிலும் 14 ஆண்டு கழிந்தால் தீப்புகுவேன் என்ற சபதம் உண்டு. அந்தச் சபதத்தின் விளிம்புவரை பரதனைக் கொண்டுபோய் நிறுத்தியவர் தமிழ்க் கவி.

பெருமாள் வந்தபின் பரதாழ்வான் பாதுகைகளைத் தம் கையாலேயே திருவடிகளில் சாற்றுகிறார். பண்டாரம், களஞ்சியம், நகரம், சேனை அனைத்தையும் பார்த்தருள வேண்டும், தேவரீருடைய தேஜஸ்ஸால் பதின்மடங்காக்கி வைத்திருக்கிறேன் என்று கணக்கு ஒப்பிக்கிறார். பழியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சித்ரகூடத்தில் கடன் கொடுத்தவனாகக் கிடக்கத் துணிந்தவர், இப்போது பொறுப்பேற்றவனாக நின்று கணக்குச் சொல்கிறார்.

பட்டாபிஷேகம் முடிந்தபின் இளவரசுப் பட்டம் பேசப்படுகிறது. பெருமாள் அதை முதலில் இளையபெருமாளிடம்தான் நீட்டினார். எவ்வளவு சொல்லியும் அவர் இசையவில்லை. பிறகு பரதாழ்வானுக்குச் சூட்டினார். இரண்டாவதாகத் தனக்கு வந்த அதைப் பரதாழ்வான் மறுத்ததாகவோ, வாதாடியதாகவோ, தகுதியில்லை என்று சொன்னதாகவோ மஹர்ஷி எழுதவில்லை. அபிஷேகம் செய்துவைத்தார் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறார்.